பல்லக்குக்காரர் சொன்ன நடைவழி

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில் ஒரு பல்லக்கு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு வைத்திருந்து ஒன்றைக் கறையானுக்குக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். நாலு பல்லக்கு வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எல்லப்பன். பல்லக்குக்கு எட்டுப் பேர் என்று முப்பத்திரண்டு ஆட்கள் அவர் கொட்டகையை நம்பிப் பிழைத்தார்கள். அப்பன் சேர்த்து வைத்த சொத்து ஒரு துரும்பு கிடையாது. எல்லாம் அந்த இடது தோள் சம்பாதித்தது. அந்தத் தோளில் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு காய்ப்பு இருந்தது. புதிதாக யாராவது பேச வந்தால் மேல்துண்டைச் சற்றே நழுவவிட்டு, அதைக் காட்டிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். காட்டட்டுமே. கடையில் வாங்கி ஒட்டவைத்த காய்ப்பா அது?

எழுத்து அவருக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. "எழுதத் தெரிஞ்சவனெல்லாம் என் பல்லக்குலதான் குந்தினு போறான்" என்பார்.

பிறந்தது ஏரியோரத்து ஓடைக்குப்பம். நைனா, அம்மா, அக்கா அம்மணி எல்லோருமே கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். விடிந்ததும் ஏரியில் இறங்கி, குனிந்தபடியே சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலை வாயில் கவ்வியிருக்கும் பறி என்ற ஓலைக் கூடைக்குள் போட வேண்டும். பொழுது சாயும்வரை முதுகு நிமிராது. எல்லப்பனுக்கு நைனா சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம். "ஏரியில காலத் தூக்கி வைக்காத. தேய்ச்சுக்கினே போ." சேற்றுக்கடியில் திருக்கை மீன் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். காலைத் தேய்த்து வந்தால் அது உணர்ந்து விலகிப் போய்விடும். தூக்கி அதன் முதுகில் வைத்தால் வாலைச் சுழற்றி முள்ளை இறக்கிவிடும்.

பதினைந்து வயதில் அந்தச் சேற்றைவிட்டு எல்லப்பன் ஓடிவந்தார். கோட்டைப் பல்லக்கு தூக்குகிறவன் ஒருவன் காய்ச்சலில் விழுந்த நாள், அவன் இடத்தில் தோள் கொடுத்தார். அங்கே பாடம் நேர் தலைகீழ். முழங்காலை உயர்த்தி, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்து ஓட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பவர் குலுங்க மாட்டார். ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் காலைத் தேய்த்தார். தலையாள் கெண்டைக்காலில் பிரம்பால் ஒன்று போட்டான். "இன்னாடா, இது ஏரியா? தூக்கி வைடா காலை!" இரண்டு மாதத்தில் பழவேற்காட்டிலேயே அவரைப்போலக் காலைத் தூக்கி வைக்க ஆள் இல்லை என்று ஆனது. அன்றைக்குச் சபதம் போட்டார், இனி இந்தக் கால் ஏரிச் சேற்றில் படாது என்று. நாற்பது வருஷம் படவும் இல்லை.

தோள் கொடுத்த பல்லக்கு, பிறகு சொந்தப் பல்லக்கு, பிறகு நாலு. அவர் செய்யாத காரியம் ஒன்றே ஒன்றுதான். பல்லக்கில் ஏறி உட்கார்ந்ததில்லை. கோட்டைச் சீட்டு இல்லாதவன் பல்லக்கு ஏறக் கூடாது என்று கட்டளை. சீட்டு துரைமாருக்கும் பெரிய வியாபாரிகளுக்கும்தான். ஆனாலும் ஏற வருகிறவர்களிடம், "தாய் மடியில குந்தின மாதிரி இருக்கும் சாமி" என்று சொல்லியே நாற்பது வருஷம் ஓட்டிவிட்டார்.

இப்படி இருந்த மனிதரைத்தான் ஒரு பங்குனி மாதத்துக் காலையில் துபாஷி கலந்தர் மரைக்காயர் தேடி வந்தார். துரைமார் பேச்சைத் தமிழிலும் தமிழை அவர்கள் பேச்சிலும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. வரும்போதே அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எல்லப்பரே, ஹென்றிக் துரை உம்மைக் கூட்டியாரச் சொன்னாரு. அவங்க பண்டிகைக்கு நாலு நாளு கோட்டையில வேலை கெடையாது. வெளியில எங்கனா கிராமத்துப் பக்கம் போவணுமாம்."

"அதுக்கு இன்னா மரைக்காயரே, பெரிய பல்லக்கையே அனுப்புறேன்."

"பல்லக்கு வாணாமாம். நடக்கப் போறாராம்."

எல்லப்பன் கையிலிருந்த வெற்றிலை கையிலேயே நின்றது. "யாரு செத்தது?"

"யாரும் சாவல."

"வேண்டுதலா?"

"அவங்க மார்க்கத்துல அதெல்லாம் இல்லியாம்."

"பெரிய துரை ஏதாச்சும் தண்டனை போட்டுட்டாரா?"

"இல்லய்யா! நாலு நாளும் நடக்கணும். சும்மா. சந்தோசத்துக்கு."

எல்லப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செத்த வீட்டுக்கு நடப்பார்கள். சந்தைக்கு நடப்பார்கள். மாடு தொலைந்தால் நடப்பார்கள். ஏற வேறு கதியில்லாதவன் நடப்பான். வாசலில் எட்டு ஆள் பல்லக்கோடு காத்துக் கிடக்க, ஒருவன் சந்தோஷத்துக்காக நடப்பான் என்று அவர் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை.

அதிர்ச்சி தெளிந்ததும் பயம் பிடித்தது. காரணம் இருந்தது. கோட்டைக்கு வரும் துணிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு ஹென்றிக் துரை போன கப்பலில் வந்தவர். வந்த நாளிலிருந்து பல்லக்கைத் தொடவில்லை. காலையில் கோட்டை அகழியைச் சுற்றி நடப்பார். முதலில் தனியாக நடந்தார். பிறகு இளம் துரைமார் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆவணி பிறந்தால் எல்லப்பனின் பல்லக்குகளை வைத்துக்கொள்வதா குறைப்பதா என்று கோட்டையில் பேசுவார்கள். இந்த நாலு நாள் நடை ருசித்துவிட்டால் அவ்வளவுதான். துரைமார் அத்தனை பேரும் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். நாலு பல்லக்கு ஒன்றாகிவிடும். இருபத்துநாலு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் திரும்பிப் போக அந்தச் சேறுதான் இருக்கிறது.

கோட்டைக்குப் போகும் வழியிலேயே எல்லப்பன் முடிவு கட்டிவிட்டார். இடம் சொல்லத்தானே கூப்பிடுகிறார்? சொல்லுகிற இடத்தைச் சொன்னால், ஜென்மத்துக்கும் நடை என்ற பேச்சையே துரை எடுக்க மாட்டார்.

ஹென்றிக் துரை மேஜைமேல் ஒரு பெரிய படத்தை விரித்து வைத்திருந்தார். செம்பட்டை முடி, நீளமான கால்கள், சின்னப் பிள்ளை மாதிரி முகத்தில் ஆசை. படத்தில் மேற்கே விரலை வைத்தார்.

"பொன்னேரிப் பக்கம், ஆரணியாத்தங்கரை. மாந்தோப்பு நெறைய இருக்காமே, எப்படின்னு கேக்குறாரு" என்றார் கலந்தர்.

எல்லப்பனுக்குப் பகீரென்றது. ஆற்றங்கரை முழுக்க நிழல். வழியெல்லாம் இளநீர். பிஞ்சு மாங்காய் வேறு. அங்கே நடந்தால் செத்தவன்கூட எழுந்து நாலு அடி நடப்பான்.

"ஐயய்யோ, வாணாம்னு சொல்லுங்க. பாம்பு. மரத்துக்கு ஒரு பாம்பு. கட்டெறும்பு மாதிரி ஊருது."

துரையின் விரல் திருப்பாலைவனம் போகும் சாலைக்கு வந்தது. அது பல்லக்குப் போகிற சாலை. துரை நடந்து போவதை ஊர் ஊராகப் பார்க்கும். அதைவிட மானக்கேடு வேண்டுமா?

"அங்க தண்ணி சரியில்ல. குடிச்சா வயிறு போவும்."

"அப்ப எங்கதான் போறது? நீதான் எல்லா வழியும் தெரிஞ்சவன்னு ஊரே சொல்லுதாமே. நீயே ஒரு நல்ல எடமா சொல்லுன்றாரு."

அந்தப் புகழ்ச்சியில் எல்லப்பனின் நெஞ்சு நிமிர்ந்தது. துண்டு தோளிலிருந்து நழுவியது.

"தொரைக்கு ஏத்த எடம் ஏரிதான்னு சொல்லுங்க. பங்குனியில தண்ணி முழங்காலுக்குத்தான். ஓடைக்குப்பத்துல எறங்கி, ஏரிக்குள்ளயே நடந்து, அக்கரை தீவுல ஏறலாம். அந்தத் தடம் எனக்குத்தான் தெரியும். வேற ஒருத்தனுக்கும் தெரியாது."

கலந்தர் வாயைப் பிளந்தார். "யோவ், சேத்துலயா? துரையையா?"

"நீங்க சொல்லுங்க மரைக்காயரே."

கலந்தர் சொன்னார். துரையின் நீலக் கண்கள் விரிந்தன. எழுந்து வந்து எல்லப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். வேகமாக ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

கலந்தர் இப்போது வெளிப்படையாகவே சிரித்தார். "அந்தத் தடம் உனக்கு மட்டும்தான் தெரியும்ன இல்ல? அதனால நீயும் கூட நடக்கணுமாம்."

வீட்டில் பவுனம்மாள் கேட்டுவிட்டு அடுப்பிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "இன்னாய்யா சொல்ற? வெத்தலக் கடைக்கே ஆள் அனுப்புற மனுசன், ஏரிய நடந்து தாண்டப் போறியா? சபதம் இன்னாச்சு?"

"தொழில் நெலைக்கணும்டி. அந்தாளு பாதி ஏரி வரைக்கும்தான் தாங்குவான். அதுக்கப்புறம் பின்னால பல்லக்கு வரும். ஏறிக் குந்துவான் பாரு. குந்தினவன் எறங்கவே மாட்டான்."

இதுதான் திட்டம். சேறும் வெயிலும் துரையை வாட்டி எடுக்கும்போது, மெத்தை போட்ட பல்லக்கு கண்ணெதிரே நிற்க வேண்டும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. எல்லப்பனின் தலையாள் கருப்பன் அதைச் சொன்னான்.

"ஏறப் போறது பாதி வழியிலன்னா, அது வரைக்கும் வெறும் பல்லக்கா தூக்கணும். வெறும் பல்லக்கு ஊரெல்ல தாண்டக் கூடாதே அண்ணே. தாண்டினா அது பொணத்தத் தேடினு போவுதுன்னு அர்த்தம். ஆளுங்க தோள் குடுக்க மாட்டாங்க."

அது அந்தக் கொட்டகைக்கென்று இருந்த கட்டுப்பாடு. எல்லப்பனே ஏற்படுத்தியதுதான். அதனால் பெரிய பூசணிக்காய் ஒன்றைப் பார்த்து வாங்கி, குங்குமம் வைத்து, மெத்தையில் உட்கார வைத்தார்கள்.

மறுநாள் காலை ஓடைக்குப்பத்துக் கரையில் கூட்டம் கூடிவிட்டது. இப்படி ஒன்றை அந்தக் குப்பம் பார்த்ததில்லை. துரை முழங்கால் வரை சராயைச் சுருட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் கலந்தர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படைத்தவனிடம் முறையிட்டபடி நின்றார். பின்னால் எட்டு ஆட்கள் தோளில் பல்லக்கு. பல்லக்கில் பூசணிக்காய்.

"நல்ல தொரை இவரு. கனமே இல்ல, பேச்சும் இல்ல" என்றான் கருப்பன்.

இறாலுக்கு இறங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, வாயிலிருந்த பறியை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். நரைத்த தலை, வெயிலில் காய்ந்து கறுத்த தோள்கள். எல்லப்பனின் அக்கா அம்மணிதான். குப்பத்துப் பக்கமே வராத தம்பியை அவள் பார்த்து ஏழெட்டு வருஷம் இருக்கும்.

"அடப்பாவி, எல்லனா? காலு ஏரியில படாதுன்ன. இப்ப பூசணிக்காய்க்குப் பல்லக்கு, உனக்குச் சேறா?"

பெண்கள் சிரித்தார்கள். எல்லப்பனுக்குக் காது சிவந்தது. "தொரைக்கு வழி காட்ட வந்தேன்க்கா. இந்தத் தடம் எனக்குத்தான் தெரியும்."

"உனக்கா? நாங்க தெனம் போயி வர்ற தடம்டா அது! சரி வா. காலத் தேய்ச்சுக்கினு வா, நாபகம் இருக்குல்ல?"

"எனக்கேவா சொல்லித் தர்ற?"

ஏரியில் இறங்கினார்கள். எல்லப்பன் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். முதல் அடியில் சேறு உறிஞ்சியது. இப்போது முகம் சுளிப்பார் என்று காத்திருந்தார். துரை சிரித்தார். வெயில் ஏறியது. இப்போது பல்லக்கைத் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தார். துரை திரும்பிப் பார்த்தது பூநாரைக் கூட்டத்தை. இளஞ்சிவப்பாக ஆயிரம் பறவைகள் ஒன்றாக எழுந்தபோது, தொப்பியைக் கழற்றி ஆட்டிச் சத்தம் போட்டார். கலந்தர் இரண்டு தடவை விழுந்து எழுந்தார். துரை ஒரு தடவைகூட விழவில்லை. முன்னால் போகும் பெண்களைப் பார்த்துப் பார்த்து, அவர்களைப் போலவே காலைத் தேய்த்து நடந்தார். அம்மணியைப்போலக் குனிந்து கையை விட்டுத் துழாவினார். ஒரு இறால் சிக்கியது.

ஒரே ஒரு இறால். சுண்டுவிரல் நீளம் இருக்காது. அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் போட்ட கூத்தைப் பார்த்து எல்லப்பன் திகைத்து நின்றார். எந்தச் சேற்றிலிருந்து அவர் தப்பி ஓடினாரோ, அந்தச் சேற்றில் ஒருவன் கடல் தாண்டி வந்து குதிக்கிறான்! அம்மணி தன் பறியைக் கழற்றித் துரையின் வாயில் கவ்வக் கொடுத்தாள். அதையும் கவ்விக்கொண்டார்!

"மரைக்காயரே, கேளுங்க, பல்லக்குல ஏறுறாரான்னு கேளுங்க" என்று எல்லப்பன் கெஞ்சினார்.

"வாயில பறி இருக்குதே, எப்படிப் பதில் சொல்லுவாரு? நான் வேணா ஏறிக்கிறேன்."

"உமக்குச் சீட்டு இல்ல."

அதற்குமேல் எல்லப்பனுக்குப் பொறுக்கவில்லை. வழிகாட்டி அவர். ஆனால் முன்னால் போவது அக்கா, பின்னால் குதித்துக்கொண்டு வருவது துரை. இன்னும் ஆழமான, இன்னும் மோசமான சேறு வலது பக்கம் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அங்கே இழுத்துவிட்டால் துரையின் கூத்து அடங்கிவிடும்.

"இப்படிக் குறுக்கால வரச் சொல்லுங்க. எனக்குத் தெரியும் கிட்ட வழி" என்று சொல்லிவிட்டுத் தடத்தைவிட்டு இறங்கினார். எல்லோரும் பார்க்க, நாற்பது வருஷப் பழக்கத்தில், முழங்காலை உயர்த்தி, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்துக் கம்பீரமாக நடந்தார்.

"டேய் எல்லா, தேய்ச்சு நடடா!" என்று அம்மணி கத்தினாள்.

நாலாவது அடியில் காலுக்கடியில் ஏதோ வழுவழுவென்று புரண்டது. அடுத்த கணம் குதிகாலுக்கு மேலே பழுக்கக் காய்ச்சிய ஊசியைச் செருகியது போல ஒரு வலி. எல்லப்பன் போட்ட சத்தத்தில், அதுவரை எழாத பூநாரைகளும் எழுந்து பறந்தன.

திருக்கை. பிறந்த பிள்ளைக்கும் அந்தக் குப்பத்தில் தெரிந்த பாடம். துரைக்குக்கூட அரைப்பொழுதில் தெரிந்துவிட்டது. நாலு பல்லக்கு எல்லப்பனுக்கு மறந்துபோயிருந்தது.

அம்மணியும் மற்ற பெண்களும் அவரைத் தூக்கி அருகிலிருந்த மணல் திட்டில் கிடத்தினார்கள். அங்கே அவர்களுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தாங்குகிற சூட்டில் கஞ்சித் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, அவர் காலை அதற்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள் அம்மணி. சூடுதான் அந்த விஷத்துக்கு மருந்து.

"காலத் தேய்ச்சு நடன்னா, கல்யாணக் குதிரை மாதிரி தூக்கித் தூக்கி வச்சான் பாரு" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சூடான கஞ்சித் தண்ணீரை ஊற்றினாள். "கெணத்துல போறவனே, முள்ளு கொஞ்சம் மேல ஏறியிருந்தா இன்னாடா ஆவுறது?"

எல்லப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வலியைவிட அவமானம் பெரிதாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று உறுத்தியது. நடக்க வந்த துரைக்கு ஒரு கீறல் இல்லை. திட்டம் கெட்டது. பல்லக்குத் தொழில் முடிந்தது.

துரை திட்டில் மண்டியிட்டு அவர் காலைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. எழுந்து பல்லக்கைக் கைகாட்டிக் கருப்பனிடம் ஏதோ உத்தரவு போட்டார்.

"உம்மைப் பல்லக்குல ஏத்தினு போவணுமாம்" என்றார் கலந்தர்.

வலியிலும் எல்லப்பன் திடுக்கிட்டார். "நானா? எனக்குச் சீட்டு கெடையாதே! கோட்டையில தோலை உரிச்சுடுவாங்க!"

கலந்தர் அதை மாற்றிச் சொன்னதும் துரை சட்டைக்குள் இருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்தார். ஒரு தாளைக் கிழித்தார். மறுபடி மண்டியிட்டு, தொடைமேல் வைத்து நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லப்பன் கையில் திணித்தார்.

அது கோட்டைச் சீட்டு. ஓடைக்குப்பத்தில் பிறந்த ஒருவன் கையில் அப்படி ஒன்று இருந்ததாக அதுவரை சரித்திரம் கிடையாது. எல்லப்பனுக்குப் படிக்கத் தெரியாது. ஈரக் கையோடு அதைப் பிடித்துக்கொண்டு, எழுத்துகளையே வெறித்துப் பார்த்தார்.

பூசணிக்காயை வெளியே எடுத்துப் போட ஆட்கள் ஒப்பவில்லை. எடுத்து வந்ததைத் திட்டில் விட்டுப்போனால் அதுவும் அபசகுனமாம். ஆக எல்லப்பன் உள்ளே, அவர் மடியில் பூசணிக்காய். கருப்பன் குரல் கொடுக்க எட்டுத் தோள்களும் எழுந்தன. துரையும் பெண்களும் தீவை நோக்கி நடந்தார்கள். பல்லக்கு ஊரை நோக்கித் திரும்பியது. கலந்தர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, துரைக்குப் பின்னால் பெருமூச்சோடு காலைத் தேய்த்துக்கொண்டு போனார்.

நாற்பது வருஷம் கழித்து, தன் பல்லக்கில் தானே ஏறிய எல்லப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலிதான் இருக்கட்டுமே. இந்தக் கோலத்தை ஊர் பார்க்க வேண்டும். கடைத்தெரு பார்க்க வேண்டும்.

ஏரியில் காலைத் தேய்த்தே வந்த ஆட்கள், கரை ஏறியதும் ஓட்டம் பிடித்தார்கள். ஐம்பது அடி போயிருக்கும். பல்லக்கு இடது பக்கம் சாய்ந்து எழுந்தது. வலது பக்கம் சாய்ந்து எழுந்தது. முன்னே தூக்கிப் பின்னே இறங்கியது. எல்லப்பனுக்கு அடிவயிற்றில் ஏதோ கிளம்பியது. கண்ணை மூடினார். அது இன்னும் மோசமாக இருந்தது. திறந்தார். ஏரி மேலே போயிற்று, வானம் கீழே வந்தது.

"கருப்பா! மெதுவாடா! இன்னாடா இப்படிக் குலுக்குற?"

"எப்பவும் போலதான் அண்ணே தூக்குறோம். நீங்க சொல்லிக் குடுத்த நடைதான். தாய் மடி மாதிரி இல்ல?"

தாய் மடியாம்! எல்லப்பன் பூசணிக்காயை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். இதற்குள்ளா இத்தனை துரைமாரை ஏற்றினார்? ஏறியவர்கள் இறங்கும்போது ஏன் ஒரு வார்த்தை பேசாமல், வெளுத்த முகத்தோடு உள்ளே போனார்கள் என்பது இப்போது விளங்கியது. கௌரவம் என்று அல்லவா அதை நினைத்திருந்தார்! ஹென்றிக் துரை ஏன் பல்லக்கைத் தொடவில்லை என்பதும் விளங்கியது.

கடைத்தெரு பார்த்தது. நன்றாகவே பார்த்தது. துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் கையிலிருந்த கோலைப் போட்டுவிட்டு வந்தார்கள். பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கோட்டை வாசல் காவலாளி ஓடிவந்து சீட்டைக் கேட்டான். பார்த்துவிட்டு வழிவிட்டான். நாலு பல்லக்கு எல்லப்பன் முதன்முதலாகப் பல்லக்கில் வருகிறார். எல்லோரும் பார்க்க, கடைத்தெரு நடுவில், பல்லக்கின் ஓரத்தில் தலையை நீட்டி, காலையில் குடித்த கூழ் முழுவதையும் வெளியே அனுப்பினார்.

பவுனம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். அவர் மடியிலிருந்த பூசணிக்காயை வாங்கிக்கொண்டாள். "போனது துரையோட. வந்தது பூசணிக்காயோட" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மூன்று நாளும் எல்லப்பன் வீங்கிய காலை நீட்டிப் படுத்திருந்தார். கொட்டகை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இனி என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருந்தது. துரை சந்தோஷமாக நடந்து திரும்புவார். கோட்டை முழுக்கச் சொல்லுவார். எந்த எட்டுப் பேரை வைத்துக்கொள்வது என்று எல்லப்பன் விரல் மடக்கிப் பார்த்தார். கருப்பனுக்கு நாலு பெண் பிள்ளைகள். இன்னொருவனுக்கு இப்போதுதான் கல்யாணம். எந்த விரலையும் விட முடியவில்லை.

நாலாம் நாள் துரை வந்தார். நடந்துதான் வந்தார். மூக்குத் தோல் உரிந்திருந்தது. செருப்பு இல்லை. இடுப்பில் அம்மணி கொடுத்த ஓலைப் பறி தொங்கியது. பின்னால் கலந்தர், பாதி ஆளாக இளைத்துப் போய். துரை எல்லப்பனின் காலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மூச்சுவிடாமல் பேசினார். எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேளும் எல்லப்பரே" என்றார் கலந்தர். "பெரிய துரைக்கு விஷயம் போயிடுச்சு. ஏரி நடுவுல ஒருத்தனத் திருக்கை குத்தினதும், பல்லக்கு பின்னால வந்ததாலதான் அவன் பொழைச்சதும். அதனால கட்டளை போட்டுட்டாரு. இனிமே கோட்டை ஆளு எவன் நடக்கப் போனாலும், ஆளுக்கு ஒரு பல்லக்கு பின்னால வந்தாவணும். பல்லக்கு இல்லாம நடை கெடையாது."

எல்லப்பன் கண்ணைத் திறந்தார்.

"அடுத்த மாசம் ஆறு துரைமாரு நடக்கப் போறாங்களாம். ஆறு பல்லக்கு வேணும். உம்மகிட்ட நாலுதான இருக்குன்னு கவலப்படுறாரு."

துரைமார் ஏறி உட்கார்ந்தபோது கிடைத்த தொழில் நாலு பல்லக்கு. ஏறாமல் நடக்கிறவர்களுக்கு ஆறு பல்லக்கு! எல்லப்பன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டு நழுவிக் காய்ப்புத் தெரிந்தது. "ஆறா? எட்டு வேணுமான்னு கேளுங்க! எல்லப்பன் இருக்கும்போது இன்னா கவல?"

துரை சிரித்துவிட்டு இன்னும் ஏதோ கேட்டார்.

"இந்தத் தடவையும் நல்ல எடமா நீதான் சொல்லணுமாம். நீயும் கூட வரணும். ஆனா நடக்க வாணாமாம். காலு இப்படி இருக்குல்ல? சீட்டுதான் குடுத்தாச்சே. நீ பல்லக்குலயே வரலாம்ன்றாரு."

எல்லப்பனின் அடிவயிறு ஒருமுறை இடது பக்கம் சாய்ந்து எழுந்தது.

"வாணாம்! வாணாம் சாமி!" என்று இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். "காலு ஒரு வாரத்துல ஆறிடும். நான் நடந்தே வர்றேன்னு சொல்லுங்க. நடக்குறதுன்னா எனக்கு உசுரு."

"சரி, எங்க நடக்குறது?"

எல்லப்பன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பொன்னேரிப் பக்கம். ஆரணியாத்தங்கரை. மாந்தோப்பு. வழியெல்லாம் நெழலு, எங்க பாத்தாலும் எளநீ."

கலந்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்துக்கு ஒரு பாம்புன்னீரே?"

"அது போன வாரம் மரைக்காயரே. இப்ப எல்லாம் போயிடுச்சு."